போர்டு போகலைங்க, ஃபைல்தான் போச்சு!

தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு அதிக தடவை சொல்லப்படும் பொய் எது என்று போட்டி வைத்தால், "இதோ கிளம்பிட்டேன், பாதி வழியில இருக்கேன்" என்பதற்குத்தான் முதல் பரிசு. சந்தேகமே இல்லை. இரண்டாம் பரிசுக்கு நான் சிபாரிசு செய்வது மூன்றே மூன்று சொல்: "போர்டு போச்சு, மாத்தணும்."

வாஷிங் மெஷின் நின்றால் போர்டு போச்சு. இன்வெர்ட்டர் கத்தினால் போர்டு போச்சு. மோட்டார் ஆட்டோ ஸ்டார்ட்டர் ஓடவில்லை என்றாலும் போர்டு போச்சு. இது நோயின் பெயரா, மருந்தின் பெயரா என்று யாரும் கேட்பதில்லை. டாக்டர் நாடி பிடித்துப் பார்க்காமலே "ஆள் போயாச்சு, வேற ஆள் வாங்கிக்குங்க" என்று சொன்னால் சும்மா விடுவோமா?

நான் பி.காம். படிக்கிறவன், எலெக்ட்ரானிக்ஸ்காரன் இல்லை. "உனக்கெதுக்குடா மைக்ரோகன்ட்ரோலர்?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில். விற்றவன் எதை விற்றான், வாங்கியவன் எதை வாங்கினான், காசு எதற்குப் போனது என்று பார்ப்பதுதான் எங்கள் டிபார்ட்மென்ட் வேலையே. இந்த "போர்டு போச்சு" கதையில் நடப்பதும் ஒரு கொடுக்கல் வாங்கல் மோசடிதான். அதனால் எழுதுகிறேன்.

என்னதான் போகுது அதுக்குள்ளே?

மைக்ரோகன்ட்ரோலர் என்பது ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டர். என்ன செய்யணும் என்ற புரோகிராம் அதற்குள்ளேயே ஃபிளாஷ் மெமரியில் எழுதப்பட்டிருக்கும். இந்த ஃபிளாஷ், ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் வேலை பார்த்த ஃபூஜியோ மசுவோகாவின் கண்டுபிடிப்பு. 1984-ல் உலகத்துக்கு அறிவித்தார். கேமரா ஃபிளாஷ் மாதிரி ஒரே வெட்டில் மொத்தத்தையும் அழிக்க முடிகிறதே என்று கூட வேலை பார்த்தவர் வைத்த பெயர் இது.

நாலாபக்கமும் ஆக்சைடு சுவர் எழுப்பிய ஒரு சின்ன அறை. அதற்குள் எலெக்ட்ரான்களை அடைத்தால் ஒரு கணக்கு, வெளியேற்றினால் இன்னொரு கணக்கு. அடைத்தது 0, காலி 1. அவ்வளவுதான் ஃபிளாஷ் செல். கரண்ட் போனாலும் எலெக்ட்ரான் சுவருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் புரோகிராம் மறக்காமல் இருக்கிறது.

இது கெடுவதற்கு முக்கியமாக மூன்று வழி. மூன்றும் வேறு வேறு. மருந்தும் வேறு வேறு. ஆனால் பில்லில் மட்டும் ஒரே வரி!

ஒன்று, தேய்மானம். ஆமாம், நாங்கள் அக்கவுன்ட்ஸில் போடுகிற அதே தேய்மானம். ஒவ்வொரு தடவை எழுதி அழிக்கும்போதும் அந்த ஆக்சைடு சுவர் கொஞ்சம் தேயும். ஏடிமெகா 328பி என்று ஒரு சிப், காலேஜ் புராஜெக்ட் செய்தவர்கள் எல்லாரும் ஆர்டுயினோ போர்டில் பார்த்திருப்பார்கள். அதன் ஃபிளாஷ் 10,000 தடவை, செட்டிங் வைக்கிற ஈஈப்ராம் 1,00,000 தடவை எழுதி அழிக்கத் தாங்கும் என்று செய்தவர்களே டேட்டாஷீட்டில் போட்டிருக்கிறார்கள்.

லட்சம் தடவை என்றால் பெரிசு மாதிரி இருக்கிறதா? கால்குலேட்டரை எடுங்கள். "மோட்டார் இவ்வளவு நேரம் ஓடியது" என்ற கணக்கை ஒரு சோம்பேறி புரோகிராமர் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரே இடத்தில் எழுதும்படி வைத்துவிட்டார் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 1,440 தடவை. லட்சத்தை அதனால் வகுத்தால் 69 நாள். இரண்டே கால் மாசத்தில் அந்த இடம் தன் கணக்கை முடித்துக்கொள்ளும்! அதையே 256 இடங்களில் சுற்றிச் சுற்றி எழுதும்படி வைத்தால் 48 வருஷம் வரும். சிப் அதே, விலை அதே. நாலு வரி புரோகிராமில்தான் வித்தியாசம். கெட்டுப்போவது விதி இல்லை மக்களே, பெரும்பாலும் யாரோ ஒருத்தரின் அலட்சியம்.

இது ஏதோ லோக்கல் கம்பெனிக் கோளாறு என்று நினைக்காதீர்கள். டெஸ்லா கார் இருக்கிறதே, உலக மகா டெக்னாலஜி! 2012-லிருந்து 2018 வரை செய்த மாடல் எஸ், 2016-லிருந்து 2018 வரை செய்த மாடல் எக்ஸ் கார்களில் இருந்த 8 ஜி.பி. ஃபிளாஷ் எழுதி எழுதியே தேய்ந்து, நடுவிலுள்ள பெரிய திரை செத்து, பின்பக்கக் கேமராவும் தெரியாமல் போனது. அது வேறு வகை ஃபிளாஷ், ஆனால் தேய்கிற கதை ஒன்றுதான். 2021 பிப்ரவரியில் சுமார் 1 லட்சத்து 35 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அங்கே அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு விடாமல் கேட்டது. இங்கே மோட்டார் ஸ்டார்ட்டருக்காக யார் கேட்பார்கள்?

இரண்டு, லோ வோல்டேஜ். கள்ளக்குறிச்சிக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை :-) மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் சாதாரணமாக இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். லைன் வோல்டேஜ் சட்டென்று தொங்கும். அந்த நேரத்தில் சிப்புக்கு வர வேண்டிய 5 வோல்ட்டும் இறங்கினால், சிப் முழுசாகத் தூங்காமலும் முழுசாக முழிக்காமலும் உளற ஆரம்பிக்கும். உளறலில் எழுதக்கூடாத இடத்தில் எதையாவது எழுதி வைத்துவிடும். ஃபிளாஷும் ஈஈப்ராமும் இப்படி அழியலாம் என்று டேட்டாஷீட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

இதைத் தடுக்க சிப்புக்குள்ளேயே ஒரு காவல்காரன் உண்டு. பிரவுன்-அவுட் டிடெக்டர் என்று பெயர். வோல்டேஜ் குறைந்தால் சிப்பை ரீசெட்டில் பிடித்து வைத்து உளறவிடாமல் செய்வான். மேலே சொன்ன ஏடிமெகா சிப் ஃபேக்டரியில் இருந்து வரும்போது இந்தக் காவல்காரன் தூங்கிக்கொண்டுதான் வருகிறான். போர்டு செய்கிற கம்பெனி ஃபியூஸ் பிட் என்கிற செட்டிங்கை மாற்றி அவனை எழுப்ப வேண்டும். செலவு? பூஜ்யம். லோ வோல்டேஜ் ஊருக்கு விற்கிற சாதனத்தில் அதைச் செய்யாமல் விட்டால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

மூன்று, நிஜமான சாவு. இடி, ஹை வோல்டேஜ், சூடு. இதில் சிப்பே போய்விடும். இதற்கு மட்டும்தான் "போச்சு" என்ற சொல் பொருந்தும். இதிலும் போனது சிப்தான், போர்டு முழுக்க அல்ல. பக்கத்தில் இருக்கிற ரிலே, டிரான்ஸ்ஃபார்மர், டெர்மினல் எல்லாம் பெரும்பாலும் கல்லு மாதிரி நன்றாக இருக்கும்.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வரிசை இருக்கிறது. பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

1. முதலில் சப்ளை. ரெகுலேட்டரில் 5 வோல்ட் (சில சிப்புக்கு 3.3) சுத்தமாக வருகிறதா, கண்டன்சர் உப்பியிருக்கிறதா பார்க்க வேண்டும். சிப்பைப் பழி சொல்கிற கேஸ்களில் கண்டன்சர் குற்றவாளியாக மாட்டுவதும் உண்டு.

2. அடுத்து ரீசெட், கிரிஸ்டல். இதயம் துடிக்கிறதா என்று பார்ப்பது.

3. பிறகு புரோகிராமரை மாட்டி சிப்பின் ஐ.டி.யைப் படிக்க வேண்டும். சில நூறு ரூபாய் யு.எஸ்.பி. சமாச்சாரம்தான். ஒவ்வொரு வகைச் சிப்புக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அது சரியாக வந்தால் பேஷன்ட் உயிரோடு இருக்கிறார்.

4. இப்போது உள்ளே இருக்கும் புரோகிராமை ஒரிஜினல் ஃபைலோடு ஒப்பிட வேண்டும். இதற்குப் பெயர் வெரிஃபை. எந்த முகவரியில் எந்த பைட் மாறியிருக்கிறது என்று சொல்லிவிடும்.

5. மாறியிருந்தால் அழித்து, காலியாகிவிட்டதா பார்த்து, மறுபடி எழுதி, மறுபடி வெரிஃபை. பாஸ் ஆனால் சிப்பின் செல்கள் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கின்றன, புரோகிராம்தான் அழிந்திருந்தது. திரும்பத் திரும்ப அதே முகவரியில் ஃபெயில் ஆனால் அந்த செல் நிஜமாகவே செத்துவிட்டது, சிப்பை மாற்று.

6. டேபிள் மேல் பாஸ் ஆகி, வயலுக்குப் போய் ஒரு மாசத்தில் மறுபடி அழிந்தால் வியாதி பெரும்பாலும் சிப்பில் இல்லை. சப்ளையில், அல்லது அந்தக் காவல்காரனில்.

பார்த்தீர்களா, எவ்வளவு அழகான தர்க்கம்! முதல் மூன்று படியை நம்ம ஊர் மெக்கானிக் யார் வேண்டுமானாலும் செய்யலாம். நாலாவது படியில் கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஏனென்றால் ஒப்பிட ஒரிஜினல் ஃபைல் வேண்டும். அது கம்பெனியிடம் மட்டும் இருக்கிறது. சிப்பில் இருந்து எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றால் ரீட் லாக் போட்டிருக்கிறார்கள். படிக்கப் போனால் குப்பையைத் தரும். லாக்கை எடுத்தால் புரோகிராமும் சேர்ந்தே அழியும்.

எங்கள் பாஷையில் சொல்கிறேன். பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் போடச் சொல்லி கேஷ் புக்கை மட்டும் கையில் கொடுத்து, பாஸ்புக்கைப் பூட்டி வைத்தால் எந்த மகாராஜன் போடுவான்? வித்தியாசம் எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு புத்தகமும் வேண்டாமா? ரிப்பேர் செய்ய முடியாதது மட்டும் இல்லை நண்பர்களே, என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால்தான் மெக்கானிக் "போர்டு போச்சு" என்கிறார். அவர் சொல்கிற பொய்யை எழுதிக் கொடுத்தது கம்பெனி.

நேரில் பார்த்த ஒரு கேஸ்

என் சித்தப்பா கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு போட்டிருக்கிறார். மூணு பேஸ் கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானாக ஓட்டும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருந்தார். கம்பெனி பெயர் வேண்டாம். ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து போக வேண்டியதில்லை, பாம்புக்குப் பயப்பட வேண்டியதில்லை. வாரண்டி ஒரு வருஷம், சாதனம் உழைத்தது ஒரு வருஷம் எட்டு மாசம். ஒருநாள் எல்லா லைட்டும் ஒன்றாக மினுக்க ஆரம்பித்தது. மோட்டார் எடுக்கவில்லை.

டீலர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "போர்டு போச்சு தம்பி. புதுசு 3,600 ஆகும். வர்றதுக்கு ஒரு வாரம் ஆகும்" என்றார். "மீட்டர் வச்சுப் பாத்தீங்களாண்ணே?" என்றேன். "இதுல பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல தம்பி, கம்பெனியில சொல்லிட்டாங்க, போர்டுதான்."

ஒரு வாரம் என்றவர் பதினோரு நாள் ஆக்கினார். வெயில் காலம். அத்தனை ராத்திரியும் சித்தப்பா வரப்பில்தான். பழைய போர்டை நான் கேட்டு வாங்கி, பாலிடெக்னிக் முடித்த எங்கள் தெரு அண்ணனிடம் கொடுத்தேன். அவர் புரோகிராமரை மாட்டினார். ஐ.டி. பளிச்சென்று வந்தது. புரோகிராம் படிக்க லாக். இனி இழக்க ஒன்றும் இல்லை என்று சிப்பை அழித்து, லைட்டை எரிய வைக்கும் ஒரு சின்ன சோதனைப் புரோகிராம் எழுதி வெரிஃபை பண்ணினார். பாஸ். மூன்று தடவை செய்தார், மூன்றும் பாஸ். ஒரு மாசம் கழித்துப் பார்த்தோம், அப்போதும் பாஸ். சிப் நல்லா இருக்கிறது. போர்டு நல்லா இருக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய சில கிலோபைட் ஃபைல் மட்டும் இல்லை. இந்தப் பதிவில் நான் ஏற்றும் ஒரு ஃபோட்டோவைவிடச் சின்ன ஃபைல்! அதற்கு 3,600 ரூபாயும் பதினோரு ராத்திரியும்.

சித்தப்பாவாவது சமவெளியில் இருக்கிறார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் சோலார் விளக்கின் சார்ஜ் கன்ட்ரோலர் மறந்துபோனால்? மரவள்ளிக்குத் தண்ணீர் விடும் மோட்டாரின் ஸ்டார்ட்டர் நின்றால்? கழற்றி எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து மலை இறங்க ஒரு நாள் கூலி. போர்டு வந்ததா என்று பார்க்க இன்னொரு நாள் கூலி. 2019 நவம்பரில் நாம் தனி மாவட்டம் ஆகிவிட்டோம், கலெக்டர் ஆபீஸ் வந்துவிட்டது. ஆனால் "கம்பெனிக்கு அனுப்பணும்" என்றால் இன்னமும் வேற ஊருக்குத்தான். ஒரு ஃபைல் கொடுத்தால் மலை மேலேயே பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை இது.

முடியாத காரியமா?

இருபது வருஷத்துக்கு முன்னால் டி.வி. மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். பழைய டப்பா டி.வி.யில் 24 சி 08 என்று எட்டுக் கால் மெமரி ஐ.சி. ஒன்று இருக்கும். அதில் உள்ளது அழிந்தால் படம் சுருங்கும், சேனல் நிற்காது. அவர் என்ன செய்தார்? டேட்டா ஏற்றிய ஐ.சி.யை, மாடல் பெயர் சொல்லி, சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் சில்லறை விலைக்கு வாங்கி மாற்றினார். டி.வி. பிழைத்தது. எல்.இ.டி. டி.வி. வந்த பிறகும் மெக்கானிக்குகள் தங்களுக்குள் டம்ப் ஃபைல் பரிமாறிக்கொண்டு அந்தக் கலையைக் காப்பாற்றி வருகிறார்கள். கம்பெனி கொடுக்காததைத் திருட்டுத்தனமாகத் தேட வைத்ததுதான் நாம் கண்ட முன்னேற்றம்.

இன்னும் தூரமாக ஓர் உதாரணம். நாசாவின் ஸ்பிரிட் ரோவர் 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஜனவரி 21-ல் பேச்சை நிறுத்திவிட்டது. திரும்பத் திரும்ப ரீபூட். ராத்திரி தூங்காமல் பேட்டரியைத் தின்றது. காரணம், ஃபிளாஷ் மெமரியில் ஃபைல்கள் குவிந்து, அவற்றை நிர்வகிக்க நினைவகம் போதாமல் போனது. நாசாக்காரர்கள் "போர்டு போச்சு" என்றார்களா? கோடிக்கணக்கான கிலோமீட்டர் இங்கிருந்தே, ஃபிளாஷைத் தொடாமல் எழுந்திரு என்று கட்டளை அனுப்பினார்கள். எழுந்தது. குப்பை ஃபைல்களை அழித்தார்கள், ஃபிளாஷை ஃபார்மட் செய்தார்கள். 90 செவ்வாய் நாளுக்குத் திட்டமிட்ட வண்டி 2010 மார்ச் வரை பேசியது! அவர்களால் முடிந்ததற்குக் காரணம் ராக்கெட் அறிவு மட்டும் இல்லை. வண்டிக்குள் இருந்த புரோகிராம் அவர்கள் கையில் இருந்தது. செவ்வாயில் நின்ற வண்டியை பூமியிலிருந்து சரிசெய்யலாம், கச்சிராயபாளையத்தில் நிற்கிற ஸ்டார்ட்டரை கள்ளக்குறிச்சியில் சரிசெய்யக் கூடாதாம். நல்ல நியாயம்!

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் எங்கள் ஏரியா. 2004 நவம்பரில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், கடையில் விற்கிற ரெடிமேட் சாஃப்ட்வேர் ஒரு சரக்கு, அதற்கு விற்பனை வரி உண்டு என்று தீர்ப்பளித்தது. வரி வாங்கும்போது சாஃப்ட்வேர் சரக்கு. அப்படியானால் ஸ்டார்ட்டருக்கு நான் கொடுத்த விலையில் உள்ளே இருக்கும் புரோகிராமின் காப்பிக்கும் சேர்த்துத்தான் கொடுத்தேன்.

அடுத்தது இன்னும் ருசியானது. 1957-ம் வருஷ காப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்), பிரிவு 52(1)(ஏஏ). கம்ப்யூட்டர் புரோகிராமின் ஒரு காப்பியை முறையாக வைத்திருப்பவர், அது தொலைந்தோ அழிந்தோ சேதமானாலோ காப்பாற்றிக்கொள்ள பேக்கப் எடுக்கலாம், அது திருட்டு ஆகாது என்கிறது. தொலைதல், அழிதல், சேதம்: மூன்றையும் சட்டம் முன்கூட்டியே யோசித்திருக்கிறது! சட்டம் "எடுக்கலாம்" என்கிறது. ரீட் லாக் "எடுக்க முடியாது" என்கிறது. பார்லிமென்ட் கொடுத்த அனுமதியை ஒரு பிட் ரத்து செய்கிறது. இதைவிடக் கேலிக்கூத்து உண்டா?

தட்டிக்கேட்டால் நடக்காது என்பதும் இல்லை. ஸ்பேர் பார்ட்ஸையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்க மறுத்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதத்தை எதிர்த்துக் கம்பெனிகள் அப்பீல் போனது வேறு கதை. கொடுக்க மறுப்பது தப்பு என்று ஓர் ஆணையம் சொல்லிவிட்டது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரிப்பேர் உரிமை'க்காகக் குழு அமைத்தபோது முதலில் எடுத்துக்கொண்ட நாலு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. மேனுவல், சர்க்யூட் படம், சாஃப்ட்வேர் அப்டேட் எல்லாம் வாங்கினவருக்குக் கிடைக்க வேண்டும் என்று பேசினார்கள். அந்த வருஷ டிசம்பர் 24-ல் போர்ட்டல் திறந்தார்கள். 2023-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளுக்கு ஃபர்ம்வேர் உட்பட எல்லாம் கொடுக்கணும் என்று சட்டமே போட்டு, 2024 ஜனவரி 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. இங்கே போர்ட்டல், அங்கே சட்டம். வித்தியாசம் புரிகிறதா?

"ஆனா தம்பி..." என்பவர்களுக்கு

"ஃபைல் கொடுத்தா டூப்ளிகேட் போர்டு பண்ணிடுவான்." நியாயமான பயம். நாலு பேர் ராப்பகலா உழைத்து எழுதியதை ஒருத்தன் காப்பியடித்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் வழி இருக்கிறது. ஃபைலை மறையாக்கம் செய்து கொடுங்கள். சிப்பில் இருக்கும் பூட்லோடர் மட்டும் அதைப் பிரித்து எழுதிக்கொள்ளும். இதை எப்படிச் செய்வது என்று சிப் செய்யும் கம்பெனிகளே வழிகாட்டிக் குறிப்பு போட்டிருக்கின்றன. அதுவும் கஷ்டமா? புரோகிராம் ஏற்றி, லாக் போட்ட சிப்பையே ஸ்பேர் பார்ட்டாக விற்றுத் தொலையுங்கள். எட்டு பிட் சிப்கள் நூறு ரூபாய்க்குள் ஏராளமாகக் கிடைக்கின்றன. உங்கள் லாபத்தையும் வைத்து 300 ரூபாய்க்கு விற்றாலும் சித்தப்பா சிரித்துக்கொண்டே வாங்குவார். பூட்டு உங்களிடமே இருக்கட்டும், எங்களுக்கு வேண்டியது வீட்டுக்குள் போக வழி.

"மீட்டரில் கை வைப்பார்கள்." இதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். ஈ.பி. மீட்டர், பெட்ரோல் பங்க், தராசு இதெல்லாம் வேறு ஜாதி. 2017 ஏப்ரலில் லக்னோவில் பெட்ரோல் பங்க்குகளில் சிப்பும் ரிமோட்டும் வைத்து அளவைக் குறைத்ததை போலீஸ் பிடித்தது ஞாபகம் இருக்கலாம். அளக்கிற கருவி வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் பொது. அதற்கு சீல் வேண்டும், 2009 எடையளவுச் சட்டம் அதற்காகத்தான். ஆனால் என் வயல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் யாரை அளந்து ஏமாற்றப் போகிறது?

"தப்பா புரோகிராம் போட்டு மோட்டார் எரிஞ்சா யார் பொறுப்பு?" அதனால்தான் நீங்களே சரியான ஃபைலைக் கொடுங்கள் என்கிறோம்! நீங்கள் கொடுக்காவிட்டால்தான் எவனோ எங்கேயோ எடுத்த டம்ப் ஃபைலைப் போட வேண்டியிருக்கிறது.

என்ன கேட்கிறோம்?

கம்பெனிகளிடம்: புரோகிராம் ஏற்றிய சிப், அல்லது மறையாக்கம் செய்த ஃபைல், இரண்டில் ஒன்று டீலர் கடையில் கிடைக்கட்டும். ஆன் ஆகும்போதே சிப் தன் மெமரியைத் தானே கூட்டிப் பார்த்து, கணக்கு உதைத்தால் ஒரு லைட்டை எரித்து "எனக்கு மறதி" என்று சொல்லட்டும். செக்சம் என்று பெயர், பெரிய வித்தை இல்லை. ஒரு மாடலைக் கைவிடும் நாளில் அதன் ஃபைலை வெளியே வைத்துவிடுங்கள். காவல்காரனை எழுப்பிவிட்டு அப்புறம் விற்பனைக்கு அனுப்புங்கள்.

மெக்கானிக் அண்ணன்களிடம்: உங்கள் மேல் கோபம் கொஞ்சம் உண்டு. முதல் மூன்று படிக்கு யாருடைய ஃபைலும் வேண்டாம். மீட்டர் வைக்காமல் "போர்டு போச்சு" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் உங்கள் தொழிலுக்கு நீங்களே குழி தோண்டுகிறீர்கள். போர்டு மாற்ற மட்டும்தான் ஆள் வேண்டும் என்றால் கம்பெனி நாளைக்குக் கூரியர் பையனையே வைத்துக்கொள்ளும்.

இன்ஜினியரிங் படிக்கும் நண்பர்களிடம்: கோடு பார்த்து ஓடும் ரோபோ போதும்பா. பிரவுன்-அவுட் என்றால் என்ன, ஒரே இடத்தில் எழுதினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு வெளியே வாருங்கள். நாளைக்கு அந்த நாலு வரியை எழுதப் போவது நீங்கள்தான்.

கடைசியாக வாங்குகிற நம்மிடம். அடுத்த தடவை யாராவது அந்த மூன்று சொல்லைச் சொன்னால் நாமும் மூன்று கேள்வி கேட்போம். சப்ளை பார்த்தீங்களா? சிப் ஐ.டி. படிச்சுதா? வெரிஃபை பண்ணீங்களா? மூன்றாவது கேள்விக்கு "ஃபைல் இல்லைங்க" என்று பதில் வந்தால், அதையே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்: 'கோளாறு: கம்பெனி ஃபைல் தரவில்லை.' நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்த ஒரு வரி உதவலாம்.